பிழை, வரி நாற்பத்தொன்று

கடையை மூடுகிறார்களாம்.
பிப்ரவரி இருபத்தெட்டோடு சர்வர் அணைந்துவிடும்.
வாங்கிய நூல்களை உங்கள் கருவி உள்ளவரை வாசிக்கலாம்,
அன்புடன்,
என்று முடிந்தது கடிதம்.
என் கருவியின் வலது மூலையில்
விரிசலிலிருந்து கறுப்பு ஊறிக்கொண்டிருக்கிறது.
இன்று காலை பக்க எண்ணைத் தின்றுவிட்டது.

இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகம்.
காசு கொடுத்தேன். ரசீது இருக்கிறது.
அடுத்த வீட்டுப் பூட்டை உடைப்பவனுக்குப் பெயர் உண்டு.
தன் வீட்டுப் பூட்டின் முன்
கொண்டை ஊசியோடு குந்தியிருப்பவளை
என்னவென்று சொல்வது?
சட்டம் ஏதோ சொல்லும்,
தாழ்ந்த குரலில்.

எக்ஸ்ரே அறையில் கூட வேலை பார்க்கும் ப்ரீட்
ஒரு ஸ்கிரிப்ட் அனுப்பினான்.
யாரோ எழுதி, யாரோ திருத்தி,
யாரோ பாதியில் சலித்து விட்டுப்போனது.
ஓட்டு, அவ்வளவுதான் என்றான்.
அவ்வளவுதான் என்று தொடங்கிய எதுவும்
எனக்கு அந்த ராத்திரியில் முடிந்ததில்லை.

தார்த்து நகரம், உருளைக்கிழங்குத் தெரு.
எங்கள் பேட்டைக்கே சூப் ஊர் என்றுதான் பெயர்.
வெளியே மைனஸ் பதினெட்டு.

முதலில், நூலகம் ஒன்று குறைகிறது என்றது.
நூலகம் இல்லாமல் நூல் திறக்காதாம்; சரி, நிறுவினேன்.
பிறகு பதினேழாம் வரியில்
நான்கு இடைவெளி இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு டேப் உட்கார்ந்திருந்தது.
கண்ணுக்கு இரண்டும் ஒரே வெறுமை.
மணிக்கட்டில் மயிரிழை முறிவைக் காட்டிக்கொடுப்பவள் நான்,
எனக்கே முக்கால் மணி நேரம்.
பிறகு வரி நாற்பத்தொன்று.
சாவி பொருந்தவில்லை.

வங்கி அட்டையில் உள்ள பெயரையும் எண்ணையும்
சேர்த்து அரைத்துச் செய்வதுதான் சாவி.
ரீனே லெப்பசார் என்று கொடுத்திருந்தேன்.
அப்புறம்தான் உறைத்தது,
இதை வாங்கியபோது நான் லெப்பசார் இல்லை.
கோய்வ்.

அந்த ஓவன்னாவின் தலைமேல் ஒரு சிற்றலை உண்டு.
உதடு குவியாமல் சொல்லவேண்டிய ஒலி.
பெயர் மாறிய முதல் வருஷம்
கண்ணாடி முன் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.
ஸ்கிரிப்டுக்கு அலை தெரியவில்லை.
ஒருதரம் கேள்விக்குறியாக்கியது,
ஒருதரம் இரண்டு கோணல் எழுத்தாக.
இரண்டு மணி நேரம் அதற்கு அலை சொல்லிக்கொடுத்தேன்.
கற்றுக்கொண்டது.
எண் வேண்டும் என்றது.

அட்டையை நான்கு வருஷம் முன்பு
கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தேன், ஆசை தீர.

இரவு பதினொன்றே கால்.
"யார் செத்தது?" என்றான் இல்மார்.
யாருமில்லை. என் பழைய அட்டையின் எண்.
நந்நான்காகப் பதினாறு இலக்கம்,
மூச்சுக்கூட விடாமல் ஒப்பித்தான்.
"ஒன்பது வருஷம் கரண்ட் பில்லுக்கு
அதைத்தானே தட்டினேன்."
எதற்கு என்று கேட்கவில்லை.
வைக்கப்போனவன்,
"அட்டையில் அந்த அலை கிடையாது, ஞாபகமிருக்கா?
வங்கி மொட்டை ஓ-தான் அடித்தது.
கவுண்டரில் நீ சண்டைகூடப் போட்டாய்."

இல்லை, ஞாபகமில்லை.

இரண்டு மணி நேர அலையை அழித்தேன்.
மொட்டைப் பெயரைத் தட்டினேன்.
அவன் வீட்டில் யாருக்கும் இல்லாத பெயர்,
நானும் ஒருநாளும் அதற்குத் திரும்பிப் பார்த்ததில்லை.
திறந்தது.

முதல் புத்தகம், சானா அடுப்பு பொருத்தும் கையேடு.
அடுப்பு இன்னும் பெட்டி பிரிக்காமல்
அவன் கொட்டகையில்தான் கிடக்கும்.
பிறகு பாசி வகைகள். பிறகு போர்ச்சுகீசியம் முப்பது நாளில்.
எண்கள் ஓடின, நான் தேநீர் போட்டேன்,
கோய்வ் கோய்வ் என்று திறந்துகொண்டே போனது,
நூற்று முப்பத்தேழு வரை.

நூற்று முப்பத்தெட்டில் நின்றது.
பிழை, வரி நாற்பத்தொன்று.
ஒரு துப்பறியும் நாவல், பாதி விலை,
மே மாதம், அதிகாலை இரண்டேகாலுக்கு வாங்கியது.

மேல் அம்புக்குறியை அழுத்தி அழுத்திப்
பின்னால் போனேன்,
அலை, கேள்விக்குறி, டேப்,
மாலை ஆறு மணிக்கு
நான் தட்டிய முதல் கட்டளை வரை.
ஒரு எழுத்தும் மாற்றவில்லை.
எண்டர்.